விமானந்தாங்கிக் கப்பல் கடற்போரை எப்படி மாற்றியது: மட்டக்களப்பிலிருந்து மிட்வே வரை

கேள்வி இதுதான். இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது கடற்படையின் முதன்மைக் கப்பல் பேட்டில்ஷிப். தடித்த எஃகுக் கவசம், 15, 16 அங்குலப் பீரங்கிகள், அடி வாங்கினாலும் தாங்கும் உடம்பு. போர் முடிந்தபோது அந்த இடத்தில் இருந்தது விமானந்தாங்கிக் கப்பல். கவசம் குறைவு, வயிறு நிறையப் பெட்ரோலும் வெடிகுண்டும். இவ்வளவு எளிதில் தீப்பிடிக்கக்கூடிய ஒரு கப்பல் எப்படி முதலிடத்துக்கு வந்தது?

பீரங்கிக் குண்டு எட்டாத தூரத்துக்கு விமானம் போகும் என்பது வழக்கமான பதில். பெரிய பீரங்கியின் எல்லை 35, 40 கிலோமீட்டர். 1942-இன் கப்பல் விமானங்களோ 300 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் அடித்தன. சரியான பதில்தான், ஆனால் பாதி. தூரம் மட்டும் போதுமென்றால் 1930-களிலேயே பேட்டில்ஷிப்பை உடைத்துப் பழைய இரும்பாக விற்றிருப்பார்கள். மீதிப் பாதி அந்த மேல்தளத்தில் நடக்கும் வேலையில் இருக்கிறது. எத்தனை விமானத்தை எத்தனை நிமிடத்தில் கிளப்ப முடியும், இறக்க முடியும், மறுபடி ஆயுதம் மாட்ட முடியும் என்ற நேரக்கணக்குதான் விமானந்தாங்கிப் போர். அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர்கள் பிழைத்தார்கள். தவறவிட்டவர்கள் சொந்தப் பெட்ரோலிலேயே எரிந்தார்கள்.

முதலில் தளத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். தாக்குதலுக்குப் போகும் விமானங்களைக் கப்பலின் பின்பாதியில் நெருக்கி அடுக்குவார்கள். குறைந்த ஓட்டத்தில் எழும்பும் ஃபைட்டர்கள் (சண்டை விமானங்கள்) முன்னால், அவற்றுக்குப் பின்னால் மேலிருந்து பாய்ந்து இறங்கிக் குண்டு போடும் டைவ் பாம்பர்கள், தண்ணீருக்கடியில் ஓடிக் கப்பலை அடிக்கும் டார்பிடோவைச் சுமந்த கனமான விமானங்கள் கடைசியில். கனமானதற்குத்தான் நீளமான ஓட்டம் வேண்டும். அடுக்கி முடிந்ததும் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி முழு வேகம் எடுக்கும். கப்பல் 28 நாட் வேகத்தில் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) போய், எதிர்க்காற்று 10 நாட் வீசினால், விமானம் நின்ற இடத்திலேயே அதன் இறக்கைக்கு 38 நாட் காற்று கிடைத்துவிடுகிறது. மீதி வேகத்தை மட்டும் ஓடிப் பெற்றால் போதும். காற்றே இல்லாத நாளில் கப்பல் முழுச் சுமையையும் தன் எஞ்சினால் ஈடுகட்ட வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைத் தளபதி முடிவு செய்வதில்லை, காற்று முடிவு செய்கிறது. 1942 ஜூனில் பசிபிக்கின் மிட்வே தீவருகே அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய சண்டையன்று மெல்லிய தென்கிழக்குக் காற்று. எதிரி இருந்ததோ மேற்குப் பக்கம். அமெரிக்கக் கப்பல்கள் விமானங்களைக் கிளப்புவதற்காக எதிரியை விட்டு விலகி ஓட வேண்டியிருந்தது. கிளப்பி முடித்து மறுபடி திரும்ப வேண்டும். 1971 போரில் வங்காள விரிகுடாவில் நின்ற நம் பழைய ஐஎன்எஸ் விக்ராந்துக்கும் இதே கவலை இருந்தது. அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல் விழுந்து முழு வேகம் எடுக்க முடியாத நிலை. அப்படியிருந்தும் டிசம்பர் 4 முதல் அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

இறங்குவது இன்னும் கடினம். தளத்தின் பின்பகுதியில் குறுக்காக எஃகு வடங்கள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. தளத்தின் இடப்பக்க மூலையில் இரு கைகளிலும் மட்டைகளோடு ஓர் அதிகாரி நின்று, உயரம் அதிகம், வேகம் குறைவு, இறக்கை சாய்ந்திருக்கிறது என்று விமானிக்குச் சைகை காட்டுவார். கடைசிச் சைகையில் விமானி எஞ்சினை அடக்கிவிட வேண்டும். கொக்கி ஒரு வடத்தைப் பிடித்தால் விமானம் சில பத்து மீட்டரில் நின்றுவிடும். துள்ளித் தப்பிவிட்டால் முன்னால் நிறுத்தியிருக்கும் விமானங்கள்மேல் மோதாமலிருக்க, நடுவே உயர்த்திக் கட்டிய வடத்தடுப்பு பிடித்துக்கொள்ளும். விமானம் நொறுங்கும், தடுப்புக்கு அப்பால் நிற்பவர்கள் பிழைப்பார்கள். சரியாக இறங்கிய விமானத்தின் கொக்கியை ஆட்கள் ஓடிவந்து கழற்றுவார்கள், தடுப்பு தாழும், விமானம் முன்னால் போகும், தடுப்பு மறுபடி உயரும். நல்ல பயிற்சி பெற்ற கப்பலில் அடுத்த விமானம் ஒரு நிமிடத்துக்குள் இறங்கும்.

ஆக, நேரான தளத்தில் பின்பகுதி நிறைந்திருந்தால் எதுவும் இறங்க முடியாது. இறங்கிக்கொண்டிருந்தால் அடுத்த தாக்குதலை அடுக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் 1942-இன் சண்டைகள் முழுக்கப் புரியும்.

இந்த முன் நிறுத்தமும் தடுப்பும் அமெரிக்கர் கண்ட வழி. அவர்களின் முதல் விமானந்தாங்கி லாங்லி, நிலக்கரி ஏற்றும் கப்பலை மாற்றி 1922-இல் கட்டியது. 1925-இல் ஜோசப் ரீவ்ஸ் விமானப் பிரிவுகளின் பொறுப்பை ஏற்றபோது அதில் பறந்தவை பத்துப் பதினான்கு விமானங்கள்தான். தளத்திலேயே நிறுத்து, வேகமாக இறக்கு என்று அவர் விடாமல் பயிற்சி கொடுத்ததில் எண்ணிக்கை சில ஆண்டுகளில் நாற்பதைத் தாண்டியது. அதே காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் இறங்கிய ஒவ்வொரு விமானத்தையும் லிஃப்ட் வழியாகக் கீழே ஹேங்கருக்கு (விமானக் கொட்டகைக்கு) அனுப்பிய பிறகுதான் அடுத்தது இறங்கும். ஹேங்கரில் எத்தனை கொள்ளுமோ அத்தனைதான் கப்பலின் படை. விமானந்தாங்கிக் கப்பலை முதலில் உருவாக்கியவர்கள் பிரிட்டிஷார்தான். ஓடும் கப்பலில் முதன்முதலாக இறங்கிய எட்வின் டன்னிங் அவர்களுடைய விமானி. 1917 ஆகஸ்ட் 2-இல் ஃப்யூரியஸ் கப்பலில் இறங்கி, ஐந்து நாள் கழித்து அதே முயற்சியில் கடலில் விழுந்து இறந்தார். முழுத்தட்டையான தளம் கொண்ட முதல் கப்பல் ஆர்கஸும் அவர்களுடையது, 1918. இருந்தும் எண்ணிக்கையில் பின்தங்கிப்போனார்கள். கப்பல் விமானங்களின் பொறுப்பு கடற்படையிடம் இல்லாமல் ராயல் விமானப்படையிடம் பல ஆண்டுகள் இருந்ததும் ஒரு காரணம். 1939-இல்தான் அது முழுமையாகக் கடற்படைக்குத் திரும்பியது.

பெரிய கப்பல்கள் கிடைத்ததற்கு 1922-இன் வாஷிங்டன் ஒப்பந்தத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பேட்டில்ஷிப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கப் போட்ட ஒப்பந்தம் அது. பாதி கட்டிய பெரிய கப்பல்களை உடைப்பதற்குப் பதில், ஒவ்வொரு நாடும் இரண்டை 33,000 டன் வரை விமானந்தாங்கியாக மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. அமெரிக்காவின் லெக்சிங்டன், சரடோகா இரண்டும் அப்படி வந்தவை. ஜப்பான் அமாகி, அகாகி என்ற இரண்டை எடுத்தது. 1923 செப்டம்பர் பூகம்பத்தில் அமாகியின் உடல் சேதமாகிப்போக, அதற்குப் பதில் காகா வந்தது.

போரில் முதல் பெரிய சான்று டாரண்டோ. 1940 நவம்பர் 11 இரவு, பிரிட்டிஷ் கப்பல் இல்லஸ்ட்ரியஸிலிருந்து 21 ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் கிளம்பின. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள் அவை. இத்தாலியத் துறைமுகத்துக்குள் நின்ற மூன்று பேட்டில்ஷிப்புகளை டார்பிடோவால் அடித்தன. இழப்பு இரண்டு விமானம். இங்கே சாமர்த்தியம் டார்பிடோவை விட்ட விதத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து விழும் டார்பிடோ முதலில் ஆழமாக மூழ்கிப் பிறகுதான் மேலே வரும். ஆழமில்லாத துறைமுகத்தில் நேரே போய்ச் சேற்றில் குத்தி நின்றுவிடும். அதனால் விமானத்தின் மூக்கடியில் ஒரு சிறு கம்பி உருளையை மாட்டி, கம்பியின் நுனியை டார்பிடோவின் மூக்கில் கட்டினார்கள். விழும்போது கம்பி மூக்கைத் தூக்கிப் பிடிக்க, டார்பிடோ தலைகுப்புறப் பாயாமல் வயிறு பட விழுந்தது. ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் துறைமுகம் பேர்ல் ஹார்பரைத் தாக்க, ஜப்பானியர் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தார்கள்: டார்பிடோவின் வாலில் மரத் துடுப்பு. தண்ணீரில் பட்டவுடன் உடைந்து விழும்படி செய்தது.

ஜப்பானியர் செய்த உண்மையான புரட்சி மரத் துடுப்பு அல்ல. அதுவரை எல்லா நாடுகளும் விமானந்தாங்கிகளை ஒன்றிரண்டாகப் பிரித்து, பேட்டில்ஷிப் படைகளுக்கு வேவு பார்க்கும் துணையாகக் கொடுத்துவைத்தன. ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும் என்ற பயம். 1941 ஏப்ரலில் ஜப்பான் தன் பெரிய விமானந்தாங்கிகளை ஒரே தளபதியின் கீழ் சேர்த்தது. கணக்கு எளிது. ஒரு கப்பல் ஒரே மூச்சில் கிளப்பக்கூடியது ஒரு தளம் நிறைய, அதாவது சுமார் முப்பது விமானம். முப்பது விமானத்தை எதிரியின் ஃபைட்டர்களும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் சமாளித்துவிடும். ஆறு கப்பல் சேர்ந்து கிளப்பினால் முதல் அலையே 183. டிசம்பர் 7 காலை பேர்ல் ஹார்பரை நோக்கிப் போனது அந்த 183. அதைத் தொடர்ந்து சுமார் 170 விமானங்கள் கொண்ட இரண்டாம் அலை. கடலில் இப்படி ஒரு கூட்டு அடியை அதற்கு முன் யாரும் அடித்ததில்லை.

அடுத்த நான்கு மாதத்தில் அந்தப் படை நம் கடலுக்கு வந்தது. தமிழில் இதைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை, ஆனால் மிட்வேயைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான வாசல்.

1942 ஏப்ரல் 4 மாலை, இலங்கையின் தெற்கே கொக்கலையிலிருந்து கிளம்பிய கட்டலினா வேவு விமானம் ஒன்று ஜப்பானியப் படையைக் கண்டது. விமானி கனடாவின் லெனார்ட் பிர்ச்சால். செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். ஆனால் எச்சரிக்கை கொழும்பு போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானியத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகளும் கொழும்பைத் தாக்கின. தாக்குதலை நடத்திய ஃபுச்சிடா, இன்னொரு முறை தாக்க வேண்டும் என்று செய்தி அனுப்பினார். கப்பல்களில் மீதமிருந்த விமானங்கள் எதிரிக் கப்பல் வந்தால் அடிக்கவென்று டார்பிடோவோடு காத்திருந்தன. நகுமோ அவற்றைக் கழற்றித் தரைக்குண்டு மாட்டச் சொன்னார். மாட்டிக்கொண்டிருக்கும்போதே தெற்கே கப்பல்கள் தென்படுகின்றன என்று வேவுச் செய்தி. மறுபடி டார்பிடோ மாட்டச் சொன்னார். வேலை முடியவில்லை. கடைசியில் தயாராக இருந்த 53 டைவ் பாம்பர்களை மட்டும் அனுப்பினார். அவை டோர்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களையும் (பேட்டில்ஷிப்பைவிடச் சிறிய போர்க்கப்பல்கள்) இருபது நிமிடத்துக்குள் மூழ்கடித்தன.

ஏப்ரல் 9-இல் திருகோணமலை. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து முந்தைய இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்த ஹெர்மிஸ், காலையில் திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அப்பால் வேவு விமானத்தின் கண்ணில் பட்டது. ஹெர்மிஸ் ஒரு பிரிட்டிஷ் விமானந்தாங்கி, ஆனால் அன்று அதன் தளத்தில் ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் கரையில் இருந்தன. கரையிலிருந்து வர வேண்டிய ஃபைட்டர் உதவி நேரத்துக்கு வரவில்லை. டைவ் பாம்பர்கள் வரிசையாக இறங்கி அடித்ததில் சில நிமிடங்களில் மூழ்கியது. கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் போயிற்று. ஹெர்மிஸில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் உடல் இன்றும் மட்டக்களப்புக் கடலில், ஐம்பது மீட்டர் ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறது. விமானம் இல்லாத விமானந்தாங்கி வெறும் பெரிய இலக்கு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அதே வாரத்தில் இன்னொரு ஜப்பானியத் தளபதி ஓசாவாவின் தனிப்படை, ரியுஜோ என்ற சிறிய விமானந்தாங்கியோடு வங்காள விரிகுடாவில் சுமார் இருபது வணிகக் கப்பல்களை மூழ்கடித்து, விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது. சென்னை காலியானதும் இந்தச் சில நாட்களில்தான். அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. ரயிலும் வண்டியும் பிடித்து மக்கள் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள்.

ஏப்ரல் 9 காலையில் இன்னொன்று நடந்தது. இலங்கையிலிருந்து கிளம்பிய ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களுக்கு நேர் மேலே வந்து அகாகியின்மேல் குண்டு போட்டன. குண்டுகள் தண்ணீரில் வெடிக்கும் வரை கீழே ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கப்பல்களில் ரேடார் இல்லை. மேலே சுற்றிய ஃபைட்டர்களிடம் பேச நம்பகமான ரேடியோ இல்லை. ஒரு குண்டும் படவில்லை. ஐந்து பிளென்ஹைம்கள் வீழ்ந்தன.

ஆக, ஆயுதம் மாற்றும் குழப்பம் ஒன்று, மேலிருந்து வருவதைக் காணாத குருட்டுத்தனம் இன்னொன்று. இரண்டு ஓட்டையும் நம் கடலிலேயே வெளிப்பட்டுவிட்டன. இரண்டுக்கும் அன்று விலை கொடுக்கவில்லை. அதனால் யாரும் சரிசெய்யவும் இல்லை.

விலை ஜூன் 4-இல் வந்தது. மிட்வே தீவைத் தாக்க நகுமோவின் நான்கு கப்பல்களிலிருந்து அதிகாலை 4.30-க்கு 108 விமானங்கள் கிளம்பின. மீதி, எதிரிக் கப்பல் வந்தால் அடிக்கவென்று ஹேங்கரில். தீவைத் தாக்கிய விமானங்களிடமிருந்து, இன்னொரு தாக்குதல் தேவை என்ற செய்தி. 7.15-க்கு டார்பிடோவைக் கழற்றித் தரைக்குண்டு மாட்ட உத்தரவு. அரைமணிக்குள் வேவு விமானம் எதிரிக் கப்பல்களைச் சொல்கிறது, நகுமோ மாற்றுவதை நிறுத்தச் சொல்கிறார். 8.20-க்கு அதே விமானம், விமானந்தாங்கி ஒன்றும் இருப்பது போலத் தெரிகிறது என்கிறது. அந்த நேரத்தில்தான் மிட்வேயிலிருந்து திரும்பிய விமானங்கள் எண்ணெய் தீரும் நிலையில் தலைக்குமேல் சுற்றுகின்றன. அவற்றை இறக்காவிட்டால் நூறு விமானி கடலில். இறக்கினால் தாக்குதலை அடுக்க முடியாது. இறக்கினார்.

இங்கே வேலையின் அளவைப் பார்க்க வேண்டும். ஒரு டார்பிடோ 800 கிலோவுக்குமேல். தள்ளுவண்டியில் கொண்டுவந்து விமானத்தின் அடியில் தூக்கி மாட்ட வேண்டும். எல்லா விமானத்துக்கும் ஒரே நேரத்தில் மாட்ட வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. பகுதி பகுதியாகத்தான் முடியும். குண்டு மாட்டுவதற்கு வேறு தாங்கி, அதையும் மாற்ற வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. மாட்டியதை லிஃப்டில் ஏற்றி, தளத்தில் அடுக்கி, எஞ்சினைச் சூடேற்றிக் கிளப்ப இன்னும் முக்கால் மணி நேரம். அமெரிக்கக் கப்பல்களின் ஹேங்கர் பக்கங்கள் திறந்தவை, உள்ளேயே எஞ்சினை ஓட்டலாம். ஜப்பானிய ஹேங்கர் மூடிய பெட்டி. புகையில் ஆள் செத்துவிடும், மேலே கொண்டுவந்துதான் ஓட்ட வேண்டும். கழற்றிய குண்டுகளைக் கீழே வெடிமருந்து அறைக்கு இறக்க நேரமில்லாமல் ஹேங்கரிலேயே அடுக்கிவைத்தார்கள்.

அந்த முக்கால் மணி நேரம் நகுமோவுக்குக் கிடைக்கவே இல்லை. 9.20 முதல் அமெரிக்க டார்பிடோ விமானங்கள் தவணை தவணையாக வந்தன. ஹார்னெட் கப்பலின் எட்டாம் டார்பிடோ பிரிவு 15 விமானங்களோடு, ஃபைட்டர் துணை இல்லாமல் வந்து முழுதாக அழிந்தது. முப்பது பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். ஒரு டார்பிடோவும் படவில்லை. ஆனால் ஒவ்வொரு தாக்குதலுக்கும் கப்பல்கள் வளைந்து வளைந்து ஓட வேண்டியிருந்தது, எண்ணெயும் குண்டும் தீர்ந்துபோன ஃபைட்டர்களை இறக்கி மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது. தளம் ஓயவில்லை. ஓயாத தளத்தில் தாக்குதலை எங்கே அடுக்குவது? விமானங்கள் தளத்தில் வரிசையாக நின்று கிளம்பும் தறுவாயில் இருந்தபோது குண்டு விழுந்தது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது ஃபுச்சிடா பரப்பிய கதை. கப்பல்களின் சொந்தப் பதிவுகளை வைத்துப் பார்த்தால் தாக்குதல் விமானங்கள் பெரும்பாலும் ஹேங்கரிலேயே இருந்தன, எண்ணெயும் ஆயுதமும் நிரப்பி.

10.22-க்கு என்டர்பிரைஸ், யார்க்டவுன் கப்பல்களின் டைவ் பாம்பர்கள் இரண்டு திசையிலிருந்து ஒரே நேரத்தில் மேலே வந்தன. திட்டமிட்ட ஒற்றுமை அல்ல. என்டர்பிரைஸ் பிரிவை நடத்திய மக்ளஸ்கி எதிரியைத் தேடி எண்ணெய் தீரும் நேரத்தில், நீர்மூழ்கியை விரட்டிவிட்டுத் தன் படையைப் பிடிக்க விரைந்துகொண்டிருந்த நாசகாரிக் கப்பல் ஒன்றைக் கண்டு, அது போகும் திசையிலேயே போனார். காகாவில் நான்கு குண்டுகளாவது விழுந்தன, சோரியுவில் மூன்று. அகாகிக்கு நேராக விழுந்தது ஒன்றே ஒன்று, 454 கிலோ. தளத்தைத் துளைத்து ஹேங்கருக்குள் வெடித்தது. சாதாரணமாக ஒரு குண்டில் இவ்வளவு பெரிய கப்பல் போகாது. பக்கத்தில் அடுக்கியிருந்த ஆயுதங்களும் நிரம்பிய பெட்ரோல் தொட்டிகளும் மீதி வேலையைச் செய்தன. தப்பிய ஹிரியு இரண்டு முறை யார்க்டவுனை அடித்தது. மாலையில் அதுவும் எரிந்தது.

அமெரிக்கர் சண்டையைச் சுத்தமாக நடத்தினார்கள் என்று சொல்ல முடியாது. ஹார்னெட்டின் டைவ் பாம்பர்கள் எதிரியைக் காணாமலே திரும்பின. பிரிவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போயின. ஜெயித்ததற்கு முக்கியக் காரணங்கள், சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்து எதிரி வரும் இடத்தை முன்பே அறிந்ததும், மூன்று தளத்தை முன்கூட்டியே அங்கே நிறுத்தியதும். மூன்றில் ஒன்றான யார்க்டவுன் ஒரு மாதத்துக்கு முன் பவளக் கடல் சண்டையில் குண்டு வாங்கி வந்தது. சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்று மதிப்பிட்டதைப் பேர்ல் ஹார்பர் கப்பல் பட்டறை சுமார் மூன்று நாளில் ஒட்டுப்போட்டு அனுப்பியது.

பெட்ரோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விமானந்தாங்கியைக் கொல்வது பெரும்பாலும் குண்டு அல்ல, ஆவி. பவளக் கடலில் 1942 மே 8-இல் லெக்சிங்டன் இரண்டு டார்பிடோவும் சில குண்டுகளும் வாங்கியபின்னும் 25 நாட் வேகத்தில் ஓடி விமானங்களை இறக்கிக்கொண்டிருந்தது. உள்ளே விரிசல் விட்ட தொட்டியிலிருந்து பெட்ரோல் ஆவி பரவி, ஓடிக்கொண்டிருந்த ஒரு மின்சாதனத்தின் பொறியில் வெடித்தது. மாலைக்குள் கப்பலைக் கைவிட்டார்கள். அதைப் பார்த்து யார்க்டவுன் ஆட்கள் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள்: தாக்குதல் வருமுன் பெட்ரோல் குழாய்களை வடித்துவிட்டு அவற்றில் கரியமில வாயுவை நிரப்பிவைப்பது. மிட்வேயில் மூன்று குண்டு விழுந்தும் யார்க்டவுனில் பெட்ரோல் தீ பிடிக்கவில்லை. ஜப்பான் இந்தப் பாடத்தைக் கற்கவில்லை. 1944 ஜூன் 19-இல் அவர்களின் புத்தம்புதிய கவசத்தளக் கப்பல் தைஹோ ஒரே ஒரு டார்பிடோ வாங்கியது. தேர்ச்சியில்லாத சேதக்கட்டுப்பாட்டு ஆட்கள் ஆவியை வெளியேற்றக் காற்றோட்ட விசிறிகளை முழுதாகத் திறந்துவிட்டார்கள். ஆவி கப்பல் முழுக்கப் பரவியது. சுமார் ஆறு மணி நேரம் கழித்து வெடித்தது.

மிட்வேயில் ஜப்பான் இழந்த விமானிகள் சுமார் நூற்றுப்பத்துப் பேர்தான். நான்கு கப்பல் போனதுதான் அங்கே பெரிய அடி. விமானிகளை அரைத்துத் தின்றது அதன்பின் வந்த குவாடல்கனால், சாண்டா குரூஸ் சண்டைகள். ஜப்பான் ஆண்டுக்கு மிகச் சிலரை மிக உயர்ந்த தரத்தில் பயிற்றுவித்து, அவர்கள் சாகும்வரை முன்னணியிலேயே வைத்திருந்தது. அமெரிக்கா அனுபவசாலிகளைத் திருப்பி அழைத்துப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது. கூடவே எசெக்ஸ் வகைக் கப்பல்கள் வரத் தொடங்கின. 1942-இன் கடைசி நாளில் முதல் கப்பல், மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் தொண்ணூறு விமானம்.

அவற்றோடு வந்த இன்னொரு மாற்றம் ரேடார் அறை. தைஹோ மூழ்கிய அதே நாளில், மரியானா தீவுகளுக்கு அப்பால் 15 அமெரிக்க விமானந்தாங்கிகள் நின்றன. வருகிற விமானங்களை ரேடார் 150 மைல் தூரத்திலேயே காட்டியது. கப்பலுக்குள் இருட்டறையில் உட்கார்ந்த அதிகாரிகள் எந்த ஃபைட்டர் பிரிவு எந்த உயரத்தில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். தளபதி மிட்ஷர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகப் பிடித்தது: தாக்குதல் விமானங்கள் எல்லாவற்றையும் கிளப்பிக் கிழக்கே தள்ளிப்போய்ச் சுற்றிக்கொண்டிருக்கச் சொன்னார். தளங்கள் முழுதும் ஃபைட்டர்களுக்கே. இறங்கு, எண்ணெய் போடு, குண்டு நிரப்பு, கிளம்பு. இரண்டு ஆண்டுக்கு முன் நகுமோ சிக்கிய முடிச்சை அவர் இப்படி அவிழ்த்தார். ஜப்பானியக் கப்பல் விமானப்படை அன்றோடு முடிந்தது. அதன்பின் பிலிப்பைன்ஸின் லெய்டே வளைகுடாவில் ஓசாவா தன் விமானந்தாங்கிகளை வெறும் தூண்டிலாகத்தான் கொண்டுவந்தார். அவற்றில் ஏற்ற விமானிகள் இல்லை.

விமானந்தாங்கி தனியாக வெல்லும் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1939 செப்டம்பரில் பிரிட்டிஷ் விமானந்தாங்கி கரேஜியஸ் நீர்மூழ்கி வேட்டைக்குப் போய் நீர்மூழ்கிக்கே இரையானது. 1940 ஜூன் 8-இல் நார்வேக்கு அப்பால் இன்னொரு பிரிட்டிஷ் விமானந்தாங்கி குளோரியஸ், இரண்டு நாசகாரிகள் மட்டும் துணைக்கு வர, வானில் ஒரு காவல் விமானம்கூட இல்லாமல் வந்து, ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்களின் பீரங்கிக்கும் நேராக மாட்டியது. தெளிவான வானிலையில் ஒரு விமானம் மேலே இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். 1943-க்குப் பிறகு அமெரிக்கர் மூன்று நான்கு விமானந்தாங்கிகளை நடுவில் வைத்து, சுற்றிலும் குரூசர், நாசகாரி, பேட்டில்ஷிப் என்று வட்டமாக நிறுத்தினார்கள். பழைய அரசனுக்குக் கிடைத்த புது வேலை, தன் நூறு சொச்சம் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளோடு நடுவில் இருப்பவரைக் காப்பது. எண்ணெய்க் கப்பல்கள் நடுக்கடலிலேயே பக்கத்தில் ஓடிவந்து குழாய் போட்டு நிரப்பியதால் இந்தப் படை வாரக்கணக்கில் துறைமுகம் திரும்பாமல் நின்றது. இது இல்லாமல் பசிபிக்கில் எதுவும் நடந்திருக்காது.

அட்லாண்டிக்கில் கதை வேறு. அங்கே வேண்டியிருந்தது வேகமும் பருமனும் அல்ல, எண்ணிக்கை. கரையிலிருந்து விமானம் எட்டாத நடுக்கடல் பகுதியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வேட்டையாடின. சரக்குக் கப்பல் உடலின்மேல் தளம் போட்ட சிறிய காவல் விமானந்தாங்கிகள் வந்தபின் அந்த இடைவெளி அடைபட்டது. கைசர் கப்பல் கட்டுமிடம் ஒரே ஆண்டில் ஐம்பதைக் கட்டி முடித்தது. வேகம் 19 நாட்தான், கேட்டபல்ட் என்ற உந்துபொறியால் தள்ளித்தான் கனமான விமானத்தை எழுப்ப வேண்டும். ஆனால் மேலே ஒரு விமானம் சுற்றினாலே நீர்மூழ்கி மூழ்கியாக வேண்டும். மேலே 17 நாட் ஓடும் நீர்மூழ்கி, மூழ்கினால் 7 நாட்டைத் தாண்டாது. கப்பல் கூட்டத்தைப் பிடிக்க முடியாது.

1945 ஏப்ரல் 7-இல், உலகின் மிகப் பெரிய பேட்டில்ஷிப்பான ஜப்பானின் யமாட்டோ, 18 அங்குலப் பீரங்கிகளோடு, ஒரு விமானத் துணையும் இல்லாமல் ஒகினாவாவை நோக்கிப் போனது. முந்நூறுக்கு மேற்பட்ட விமானங்கள் இரண்டு மணி நேரத்தில் அதை மூழ்கடித்தன. அதன் பீரங்கிகளுக்கு எதிரிக் கப்பல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தளத்தின் அந்த அடிப்படை முடிச்சு மட்டும் போர் முடிந்தும் மீதமிருந்தது. ஜெட் விமானம் வந்தபோது வேகம் கூடி, வடத்தைத் தவறவிட்டால் தடுப்பில் நொறுங்குவது இன்னும் மோசமானது. பிரிட்டிஷ் கடற்படையின் டென்னிஸ் கேம்பெல் சொன்ன வழி, இறங்கும் பாதையைக் கப்பலின் நீளத்துக்குச் சற்றுச் சாய்வாக இடப்பக்கம் திருப்பிவிடுவது. 1952-இல் ட்ரயம்ஃப் கப்பலில் வெறும் பெயிண்டால் சாய்கோடு போட்டுப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஆன்டீட்டம் உண்மையான சாய்தளத்தோடு சோதனைக்குப் போனது. வடத்தைத் தவறவிட்ட விமானி இப்போது எஞ்சினை அடக்குவதில்லை. முழு வேகம் கொடுத்து, முன்னால் காலியாக இருக்கும் தளத்தின் ஓரத்தைக் கடந்து மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருகிறார். அவர் சுற்றி வருவதற்குள் முன்தளத்தில் அடுத்த விமானம் கேட்டபல்ட்டில் ஏறி நிற்கிறது.